வய்ராகோச்சா மேட்டில் சொறி கண்ட விக்குன்யாக்கள்

அனுப்புநர்
நெமேசியா யமோக்கா தாய்ப்பே,
விக்குன்யாக் காவலர், வடக்குச் சரிவு
(தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளவர்),
வய்ராகோச்சா மலைக்குடிச் சமூகம்,
பவுக்கராய் வழி, பெரு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மேட்டுநில வனவிலங்கு அலுவலகம்,
பவுக்கராய்.

பொருள்: வய்ராகோச்சா மேட்டில் விக்குன்யாக்களிடையே பரவியுள்ள சொறிநோய் குறித்துப் பதினாறு மாதங்களாக நடவடிக்கை எடுக்கப்படாதது பற்றியும், என்மீது தொடரப்பட்டுள்ள வழக்கில் சேர்க்கப்பட வேண்டிய கூடுதல் விவரங்கள் பற்றியும்.

பார்வை: 1) எங்கள் சமூகத் தலைவர் பவுலினோ கொய்யோ தங்களுக்கு எழுதிய ஐந்து கடிதங்கள் (பதில் இல்லை). 2) 26.09.2017 அன்று எனக்கு அளிக்கப்பட்ட குற்ற அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது நாற்பத்தேழு. பதினொரு ஆண்டுகளாக வடக்குச் சரிவின் காவலராக இருக்கிறேன். நாள்தோறும் நடப்பதும், பார்ப்பதும், எண்ணுவதும், எண்ணியதைத் தங்கள் அலுவலகம் கொடுத்த குறிப்பேட்டில் எழுதுவதும் என் வேலை. இதுவரை ஒன்பது குறிப்பேடுகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்த மனு கோபத்தில் எழுதியதாகத் தெரியக்கூடாது என்று மூன்று முறை கிழித்துவிட்டு நான்காம் முறை எழுதுகிறேன். இதற்கு மேலும் கோபம் தெரிந்தால், தாங்கள் மன்னிக்க வேண்டும்.

2. 2016 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஊற்றுக்கு மேலே உள்ள பாறை வரிசையில், ஒரு விக்குன்யாக் குடும்பத்தைப் பார்த்தேன். ஓர் ஆண், ஆறு பெண்கள், நான்கு குட்டிகள். ஆணுக்கு இடது காது கிழிந்திருக்கும்; ஐந்து வருடமாக எனக்குத் தெரிந்த விலங்கு. வழக்கமாக ஆளைக் கண்டால் அதுதான் முதலில் கத்தும். குடும்பத்தை முன்னே ஓடவிட்டுத் தான் பின்னால் நிற்கும். அன்று கத்தவில்லை. பாறையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் அருகே போனபிறகும் தேய்த்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது அதன் தொடை இடுக்கிலும் அக்குளிலும் ரோமம் இல்லை. காய்ந்த மண் அப்பியது போலப் பொருக்கு. பொருக்கு வெடித்த இடங்களில் சிவப்பு.

3. எங்கள் பட்டியில் ரோமத்துக்காக வளர்க்கும் அல்பாகாக்களுக்கு இந்தச் சொறி வருவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. அல்பாகாவுக்கு வந்தால் பிடித்து ஊசி போடுவோம். மூன்று வாரம் கழித்து இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. சரியாகிவிடும். ஆனால் அல்பாகா எங்களுடையது, அதன் காட்டு உறவான விக்குன்யா அரசாங்கத்துடையது. நாட்டின் முத்திரையிலேயே இருக்கும் விலங்கு. தங்கள் அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பதும், அடைப்பதும், அதற்கு மருந்து கொடுப்பதும் குற்றம் என்பது எனக்குத் தெரியும். காவலராகச் சேர்ந்த நாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஆகவே அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள் தலைவர் பவுலினோவிடம் சொல்லிக் கடிதமும் அனுப்பவைத்தேன்.

4. தோல் மாதிரி கொண்டுவந்தால்தான் நோய் உண்டா என்று பார்க்க முடியும் என்று தங்கள் அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. ஏழு மணி நேரம் நடந்து, பிறகு உருளைக்கிழங்கு லாரியில் ஏறி, செப்டம்பர் மாதம் செத்த ஒரு விலங்கின் தோல்துண்டைச் சுத்தமான ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்தேன். புட்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரியான புட்டி எது என்று கேட்டதற்கு, அது அலுவலகத்தில்தான் இருக்கிறது, இப்போது இருப்பு இல்லை என்றார்கள்.

5. இரண்டாம் மாதிரி வெயிலில் காய்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாவதைக் கொண்டுவந்தபோது சோதிப்பவர் விடுப்பில் இருந்தார். நான்காவதை ஒருவர் வாங்கிக்கொண்டு கையெழுத்தும் போட்டார். ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. சொறிப்பூச்சி உறுதி என்று அதில் இருந்தது. ஆனால் ஊர்ப் பெயர் வய்ராபாம்பா என்று அச்சாகியிருந்தது. அப்படி ஓர் ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. பெயரைத் திருத்திக் கேட்டதற்கு அந்த அறையில் இருந்த அம்மையார் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்: "பேர் மாறிப் போச்சுன்னா அது வேற மாதிரிம்மா. புதுசாக் கொண்டு வாங்க." அதற்குள் காது கிழிந்த ஆண் செத்துப் போயிருந்தது. அதன் ஆறு பெண்களில் நான்கு போயிருந்தன.

6. சொறிதானே, அரிப்புதானே என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எப்படிச் சாகின்றன என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். படிக்க அருவருப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முதலில் தொடை, அக்குள், வயிறு. பிறகு முகமும் காதும். தோல் யானைத்தோல் போலத் தடித்து, மடிப்பு மடிப்பாகி, நடக்கும்போது வெடிக்கும். வெடித்த இடத்தில் சீழ். அரிப்பு தாங்காமல் மேய்வதை விட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டே நிற்கும். வலியில் காலை அகட்டி நடக்கும். பிறகு முழங்காலால் நகரும். தாய்க்கு மடி காய்ந்துவிடும். குட்டி மடியில் வாயை வைத்துவிட்டு, பால் இல்லாமல், அங்கிருந்தே பொருக்கைத் தன் முகத்தில் வாங்கிக்கொள்ளும். அவை எல்லாம் ஒரே புழுதிக் குழியில் புரளுகிறவை என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக நாள் ஆகாது. ஜூலைக் குளிரில் எங்கள் மேட்டில் தண்ணீர் வாளியோடு உறையும். உலகத்திலேயே மென்மையான ரோமம் என்று எல்லோரும் கொண்டாடுகிற ரோமம் அதன் உடம்பில் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் படுத்த வாக்கிலேயே விறைத்துக் கிடக்கும்.

7. அல்பாகாக்களுக்கு வைத்தியம் பார்க்க எங்கள் பக்கம் வரும் ஒரு மருத்துவர் அம்மா (தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்லர்; பெயரைக் கேட்க வேண்டாம்) செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தார். நுரையீரலிலும் ஈரலிலும் சீழ் இருந்தது. "பூச்சி கொல்லல நெமேசியா. பூச்சி கதவைத்தான் திறந்து விடுது. அதுக்கப்புறம் உள்ள வர்றதுதான் கொல்லுது. ஆரம்பத்துலயே கதவைச் சாத்தியிருந்தா இது பிழைச்சிருக்கும்" என்றார். என் பையில் அலுவலகம் திருப்பியனுப்பிய புட்டி இருந்தது.

8. இனி 2017 ஜூன் இருபதாம் தேதி. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ரோமக் கத்தரிப்பு. முந்நூறு பேர் வண்ணத்துணி கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்து மேட்டைச் சுற்றிவளைத்தோம். இந்த வருடம் நடத்த வேண்டாம், அல்லது நோயுற்றவற்றைத் தனியே பிரித்த பிறகாவது நடத்தலாம் என்று தலைவரின் மூன்றாம் கடிதத்தில் கேட்டிருந்தோம். மேற்பார்வைக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து இஞ்சினியர் ரொஹேலியோ சால்தானா வந்திருந்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு விலங்குகள் பிடிபட்டன. அவற்றில் முப்பத்தொன்றுக்குச் சொறி இருந்ததை நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். தனிப் பட்டிக்குத் தேவையான கம்பிவலையும் எங்களிடம் இருந்தது. காலையிலேயே இறக்கி வைத்திருந்தோம்.

9. அவர் மறுத்தார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்: "நெமேசியா அம்மா, நான் பாக்க வந்தது கத்தரிப்பு. நோயைப் பாக்குறது வேற பிரிவு. பிடிச்சதை எல்லாம் அன்னிக்கே விட்டாகணும்னு விதி இருக்கு. தனியா அடைச்சு வெச்சீங்கன்னா நான் எழுதிக்கிட்டுப் போக வேண்டியதா இருக்கும்." கயிறு பிடிக்க வந்திருந்த சதுர்னினா என்ற எங்கள் ஊர்ப்பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யாருக்கும் பயப்படுகிறவர் அல்லர். "இஞ்சினியர் ஐயா, அந்தப் புண்ணுல உங்க சட்டையைத் தேச்சுட்டு மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவீங்களா? போய்ப் பொண்டாட்டிகிட்ட நில்லுங்க பாப்போம், வேற பிரிவுன்னு சொல்லிக்கிட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இஞ்சினியர் சிரிக்கவில்லை. ஆனால் முடிவை மாற்றவும் இல்லை.

10. இருநூற்றுப் பதினான்கும் ஒரே பட்டியில் மூன்று மணி நேரம் உரசிக்கொண்டு நின்றன. நோயுள்ளதைப் பிடித்த அதே கைகள் நோயில்லாததையும் பிடித்தன. ஒரே இயந்திரக் கத்தரி. வெயில் சாயும் முன்பு எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். அவை ஓடுவதைப் பார்க்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டுவது வழக்கம். அன்றும் தட்டினார்கள். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

11. அடுத்த வாரம் என் இரண்டு முன்கைகளிலும் அரிப்பும் கொப்புளமும் வந்தன. அன்று விலங்குகளைப் பிடித்த இன்னும் ஆறு பேருக்கும் வந்தன. சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் கையைப் பார்த்தார், களிம்பு கொடுத்தார், அனுப்பினார். எனக்கு நோய் இருக்கிறதா என்று அறிய யாரும் என் தோலைப் புட்டியில் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. வெளியே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். நான் அழுகிறவள் அல்ல. அன்று ஏன் அழுதேன் என்று என்னுடன் வந்தவர்களுக்கும் புரிந்திருக்கும், ஒருவரும் கேட்கவில்லை.

12. ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வடக்குச் சரிவில் மட்டும் தொண்ணூற்று மூன்று விலங்குகள் செத்தன. நரியும் கழுகும் இழுத்துப் போனவை இந்தக் கணக்கில் இல்லை. குறிப்பேட்டில் தேதி, இடம், ஆணா பெண்ணா, எந்த அளவு பொருக்கு என்று ஒவ்வொன்றும் இருக்கிறது. அந்தப் பக்கங்கள் மாதந்தோறும் தங்களுக்கு வந்திருக்கின்றன. முத்திரை குத்தப்பட்டிருக்கின்றன. படிக்கப்பட்டனவா என்பது எனக்குத் தெரியாது.

13. செப்டம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை. ஊற்றுக்குக் கீழே ஒரு பெண் விலங்கு விழுந்து கிடந்தது. முகம் முழுவதும் பொருக்கு. ஒரு கண் திறக்கவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுக் கிடந்தன. பருந்துச்சாதிப் பறவைகள் மூன்று அதன் மேல் உட்கார்ந்து வயிற்றுப் புண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. விலங்குக்கு உயிர் இருந்தது. ஆறு மாதக் குட்டி ஒன்று இருபது அடி தள்ளி நின்று, பறவைகளை நோக்கி ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தது. நான் பறவைகளை விரட்டினேன். என் சால்வையை அதன் மேல் போட்டேன். பிறகு தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் குன்றுக்கு ஏறினேன். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும்.

14. மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. விலங்கு பிழைக்காது, துன்பத்தில் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடறீங்களே அம்மா. அதுக்கு அனுமதி குடுக்கறவங்க கிளம்பியாச்சு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். திங்கள் வரை அது என்ன செய்யும் என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் துண்டித்தாரா, காற்று துண்டித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அவர்மேல் பழி போடவில்லை.

15. இறங்கி வந்தபோது பறவைகள் சால்வையை விலக்கியிருந்தன. என்னிடம் கத்தி இருந்தது. எங்கள் பட்டியில் விலங்கறுக்கும்போது பிடரியில் ஒரே குத்தாகக் குத்துவோம், துடிக்காது. அப்படித்தான் செய்தேன். முதலில் கண்ணை மூடினேன், அதனுடைய கண்ணை. இதைத் தங்கள் அறிவிப்பு "அரசின் பாதுகாப்பிலுள்ள விலங்கைக் கூர்மையான ஆயுதத்தால் கொன்றது" என்று குறிப்பிடுகிறது. அது சரிதான். நான் மறுக்கவில்லை. குழி தோண்டி, நோய் பரவாமலிருக்கச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். குட்டி இருட்டும் வரை குழியைச் சுற்றி நின்றது.

16. அன்று என்னுடன் குழி தோண்ட வந்தவர் தெற்குச் சரிவின் காவலர் எலேயுதேரியோ ஹனாம்பா. என் கணவரின் தம்பி. நான் குறிப்பேட்டை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்தார். "எழுதாதீங்க அண்ணி. தொண்ணூத்தி மூணு செத்துது, இதோட தொண்ணூத்தி நாலுன்னு போட்டுட்டுப் போங்க. யாருக்குத் தெரியும்? குழியை மூடியாச்சுல்ல, நோட்டையும் மூடுங்க" என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஒரு வரியில் பொய் எழுதிவிட்டால், மற்ற தொண்ணூற்று மூன்றையும் நான் எப்படி நம்பச் சொல்வேன்? நடந்ததை நடந்தபடி எழுதினேன். நேரம், இடம், கத்தி, காரணம், மூன்று தொலைபேசி அழைப்புகள், எல்லாம்.

17. ஐயா, இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. பதின்மூன்று மாதமாக நான் எழுதிய பக்கங்களில் தங்கள் அலுவலகம் உடனே படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். பதினோராம் நாள் காலை அலுவலக வண்டி எங்கள் மேட்டுக்கு ஏறி வந்தது. நோய்க்காக ஒருமுறையும் ஏற முடியாத பாதை அது. பாலம் பழுது என்று இரண்டு முறை சொல்லப்பட்ட பாதை. மூன்று பேர் வந்தார்கள். குழியைத் தோண்டினார்கள். படம் எடுத்தார்கள். சரியான புட்டிகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். நான் முதன்முறையாக அன்றுதான் அந்தப் புட்டியைப் பார்த்தேன். நீல மூடி போட்டது. பிடரித் தோலை வெட்டி அதில் போட்டு, ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்கள்.

18. அந்தத் தோலில் சொறிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள் என்று கேட்டேன். வந்தவர்களில் மூத்தவர் மரியாதையாகவே பேசினார். "இது கேஸுக்கு எடுத்த மாதிரிம்மா. நோய்க்கு எடுத்ததில்ல. ரெண்டையும் கலக்கக் கூடாது" என்றார். அவர்களுக்கு எங்கள் வீட்டில் சூப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்தோம். சாப்பிட்டார்கள். பிறகு என் தொலைநோக்கியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, அறிவிப்பில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். வண்டி திரும்பும்போது ஊற்றுப் பக்கம் மூன்று விலங்குகள் பாறையில் தேய்த்துக்கொண்டு நின்றன. கையை நீட்டிக் காட்டினேன். ஓட்டுநர் மட்டும் பார்த்தார்.

19. இத்துடன் என் குறை முடிந்திருந்தால் இந்த மனுவை நான் எழுதியிருக்க மாட்டேன். தலைவர் ஏற்கெனவே ஐந்து கடிதம் எழுதிவிட்டார். ஆறாவதும் அந்த ஐந்தின் மேல்தான் போய் உட்காரும். நான் எழுதக் காரணம், என்மீதான குற்ற அறிவிப்பு முழுமையானதல்ல என்பதே. ஒரு விலங்கைக் கொன்றதாக மட்டுமே அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தவற்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

20. நவம்பர் பத்தொன்பதாம் தேதி சமூகக் கூட்டம் நடந்தது. நான் சொன்னேன்: எனக்கு வேலை போய்விட்டது, இனி இழக்க ஒன்றுமில்லை, நான் ஒருத்தியாகவே சில விலங்குகளைப் பிடித்து ஊசி போடுகிறேன், யாரும் கேட்டால் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு சதுர்னினா எழுந்தார். "ஒருத்தியாப் போய் அதை எப்படிப் பிடிப்ப? கூப்பிட்டா வருமா? ஒரு ஆள் செஞ்சா குத்தம்னு எழுதுவாங்க. ஊரே செஞ்சா என்னன்னு எழுதுவாங்கன்னு அதையும்தான் பாத்துருவோமே" என்றார். தலைவர் பவுலினோ, கை தூக்குங்கள் என்று கேட்கவில்லை. கயிறு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

21. நவம்பர் இருபத்து மூன்று, வியாழக்கிழமை காலை, வடக்குச் சரிவில் நோயுற்ற பத்தொன்பது விக்குன்யாக்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தோம். மெலிந்து போனவை என்பதால் ஓட்டம் குறைவாகவே இருந்தது. ஜூனில் இறக்கி வைத்த கம்பிவலையால் கற்பட்டியைச் சுற்றி மறைத்து அவற்றை அடைத்தோம். அல்பாகாக்களுக்குப் போடும் அதே மருந்தை, எடைக்கேற்ற அளவில், நான் ஊசியால் செலுத்தினேன். ஊசி போட்டவர் வேறு யாரும் இல்லை. புண்களை உப்புநீரால் கழுவினோம். அன்று முதல் ஊர்க்காரர்கள் முறைவைத்துப் புல்லறுத்துச் சுமந்து போடுகிறார்கள். டிசம்பர் பதினான்கில் இரண்டாம் ஊசி போட்டேன். இத்தனையும் அனுமதியின்றிச் செய்தவை. பிடித்தது ஒன்று, அடைத்தது ஒன்று, மருந்திட்டது ஒன்று என்று விதிப்படி ஒவ்வொரு விலங்குக்கும் மூன்று குற்றங்கள் ஆகும் என்று நினைக்கிறேன். சரியாகக் கணக்கிடத் தங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.

22. பத்தொன்பதில் மூன்று செத்தன. இரண்டு, நோய் முற்றிப் பிடிக்கும்போதே மூச்சுவாங்கிக்கொண்டிருந்தவை. மூன்றாவது அப்படியல்ல. அது இளம் ஆண், பிழைத்திருக்க வேண்டியது. பிடித்த பதற்றத்தில் அதன் கால்களை நான் வெகுநேரம் கட்டிவைத்துவிட்டேன். பயத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அது என் தவறு. கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் கண்கட்டு போட்டு, ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார். வழக்கில் இதைத் தனியாக எழுதிக்கொள்ளவும்.

23. மீதி பதினாறு உயிரோடு இருக்கின்றன. பொருக்கு உதிர்ந்து கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. பதினொன்றுக்கு வயிற்றில் மெல்லிய ரோமம் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. முந்தாநாள் அவற்றில் ஓர் ஆண் என்னைப் பார்த்துக் கத்தியது, எச்சிலும் துப்பியது. பட்டியைச் சுற்றி நின்றவர்கள் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்கள்.

24. இந்த மனுவில் என் பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு ஊர் ஒப்பவில்லை. கயிறு பிடித்த நாற்பத்திரண்டு பேரும் தங்கள் பெயரையும் கைநாட்டையும் சேர்க்கச் சொன்னார்கள், இணைத்திருக்கிறேன். பட்டியலில் முதல் பெயர் எலேயுதேரியோ ஹனாம்பாவுடையது. அவர் இன்னும் பணியில் இருக்கும் காவலர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், யோசித்துச் செய் என்று நான் எச்சரித்தேன். "யோசிச்சாச்சு அண்ணி. தாளை இப்படிக் குடுங்க" என்றார்.

25. மேற்கண்ட நிலையில் தங்களைக் கேட்டுக்கொள்வது பின்வருமாறு. குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் பதினைந்து நாட்களுக்குள் அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று தங்கள் விதித்தொகுப்பு சொல்கிறது. என் விஷயத்தில் அது பதினொரு நாளில் நடந்தது. நோய் பற்றித் தகவல் கிடைத்தால் எத்தனை நாளில் வர வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே இதை நோய் பற்றிய மனுவாக எடுத்துக்கொள்ளாமல், பத்தொன்பது விலங்குகளுக்குமாக ஐம்பத்தேழு குற்றங்களை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாகப் பதிந்து, விதிப்படி நேரில் வரும்படி வேண்டுகிறேன். வரும்போது நீல மூடிப் புட்டிகளைக் கொண்டுவரவும். விலங்கு மருத்துவர் ஒருவரையும் உடன் அழைத்து வந்தால் நல்லது. வழக்குக்கு எடுத்த பிடரித் தோலை நோய்க்கும் சோதிக்க உத்தரவிட வேண்டும். அடுத்த ரோமக் கத்தரிப்புக்கு முன் நோயுற்றவற்றைப் பிரித்து அடைத்து மருந்திட எங்கள் சமூகத்துக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தர வேண்டும். தெற்குச் சரிவிலும் விலங்குகள் பாறையில் தேய்க்கத் தொடங்கிவிட்டன. அங்கே எழுநூறுக்கு மேல் இருக்கின்றன.

26. என் வேலையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. விசாரணை நாளில் தவறாமல் வருவேன். எந்தத் தண்டனை என்றாலும் அங்கே பேசிக்கொள்ளலாம்.

27. பதினாறு விலங்குகளுக்கும் மூன்றாம் ஊசி ஜனவரி நான்காம் தேதி போட்டாக வேண்டும். தவறினால் தோலுக்குள் மிஞ்சிய முட்டைகள் பொரித்து, எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் தங்கள் அனுமதி வந்தால், அனுமதியோடு போடுவோம். வராவிட்டாலும் ஜனவரி நான்காம் தேதி வியாழக்கிழமைதான். பட்டியும் அதே இடத்தில்தான் இருக்கும். என்ன செய்தோம் என்பதை அன்று மாலையே எழுதித் தங்களுக்கு அனுப்பிவைப்பேன். கோப்பில் அதற்கும் இடம் விட்டு வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வய்ராகோச்சா
தேதி: 18.12.2017

தங்கள் அலுவலகத்தின் காவலராகவே இன்றும் தன்னை எண்ணிக்கொள்ளும்,

(கையொப்பம்)
நெமேசியா யமோக்கா தாய்ப்பே

இணைப்பு:
நாற்பத்திரண்டு பேரின் பெயரும் கைநாட்டும் – 3 தாள்கள்.
ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான குறிப்பேட்டுப் பக்கங்களின் நகல் – 31 தாள்கள்.
பட்டியிலுள்ள பதினாறு விலங்குகளின் அடையாளங்கள் – 2 தாள்கள்.